டி.பி. வந்து 74 நாள் லீவு: புது கம்பெனி படிவத்தில் எழுதணுமா, வேண்டாமா?

சிந்துபூந்துறை பையன்
2024 ஆகஸ்ட் 4, இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. வீட்டில் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், அதனால் இங்கே வந்தேன்.

கங்கைகொண்டான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நாலு வருடமாகக் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். சம்பளம் 19,000. ஓசூரில் ஒரு கம்பெனி 26,000 தருகிறோம் என்று ஆஃபர் லெட்டர் அனுப்பியிருக்கிறது. செப்டம்பர் 2 சேரணும். லெட்டரின் கடைசிப் பத்தியில், மெடிக்கலில் தேறினால்தான் இந்த ஆஃபர் செல்லும் என்று ஒரு வரி. கூடவே நாலு பக்கப் படிவம். அதில் 14ஆவது கேள்வி இது: ‘கடந்த இரண்டு ஆண்டுகளில் உடல்நலக் குறைவால் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் பணிக்கு வராமல் இருந்தீர்களா? ஆம் எனில் காரணம்.’ பதில் எழுத ரெண்டு கோடுதான் விட்டிருக்கிறார்கள்.

2023 மே மாதம் எனக்கு டி.பி. என்று ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்கு முன்னால் மூணு வாரம், வெறும் சளி என்று நினைத்து மெடிக்கல் ஷாப்பில் டானிக் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தேன். எட்டு கிலோ குறைந்த பிறகுதான் அம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஆறு மாதம் மாத்திரை. 74 நாள் வேலைக்குப் போகவில்லை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் சம்பளத்தில் 70 சதவீதம் வந்தது. நவம்பரில் மருந்து முடிந்தது, சளிப் பரிசோதனையும் சுத்தம். அதற்கப்புறம் உடம்புக்கு முடியவில்லை என்று ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது போட்ட நாலு நாள் வேறு கணக்கு.

அந்த வெள்ளத்தில்தான் ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாம் போச்சு.

இங்கே நோட்டீஸ் 30 நாள். ஏற்கெனவே ஒரு நாள் லேட். நாளைக் காலையில் கொடுக்க ரிசைன் லெட்டர் டைப் பண்ணி வைத்திருக்கிறேன். கூட வேலை பார்க்கிறவன், “இல்லைன்னு டிக் அடிச்சுட்டுப் போலே, எவன் வந்து பாக்கப் போறான்” என்கிறான். என்ன செய்ய?

நெல்லை எக்ஸ்பிரஸ்
ஆகஸ்ட் 4, இரவு 11:05

உங்க நண்பர் சொன்னதுதான் சரி. மூணு கம்பெனி மாறியாச்சு, மூணு இடத்திலும் ‘இல்லை’தான். ஒருத்தனும் கேட்டதில்லை. டி.பி. என்று எழுதிப் பாருங்க, பேரைப் படித்ததும் ஃபைலை மூடிவிடுவான். நம்ம ஊரில் இன்னும் தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கிற வீடு இருக்கு.

நாற்காலிக்கு அந்தப் பக்கம்
ஆகஸ்ட் 4, இரவு 11:50

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அந்த ரிசைன் லெட்டரை நாளைக்குக் கொடுக்காதீங்க.

பன்னிரண்டு வருடமாகத் தொழிற்சாலைகளில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். மெடிக்கலில் தேறினால் என்று வந்த ஆஃபர் பாதி ஆஃபர்தான். ‘ஃபிட்’ என்று அவர்கள் எழுத்தில் சொன்ன பிறகு கொடுங்க. செப்டம்பர் 2 கல்வெட்டில் வெட்டினது இல்லை. “ரிலீவ் ஆக 30 நாள் ஆகும், மெடிக்கல் முடிவு வந்த நாளிலிருந்து கணக்கு வையுங்க” என்று ஒரு மெயில் போட்டால் பெரும்பாலும் தள்ளிக் கொடுப்பார்கள். இருந்த வேலையை விட்டு, வரவேண்டிய வேலையும் வராமல் நின்ற பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

எவன் பார்க்கப் போறான் என்றால், நான் பார்ப்பேன். பி.எஃப். பாஸ்புக் கேட்பது இப்போது சகஜம். உங்கள் பாஸ்புக்கில் ஏப்ரல் வரை மாதாமாதம் ஒரே தொகை ஏறியிருக்கும். அப்புறம் மே முதல் ஆகஸ்ட் வரை விழும், செப்டம்பரில் பழையபடி நிற்கும். இ.எஸ்.ஐ. கொடுத்த பணம் சம்பளம் இல்லை, அதனால் அதற்கு பி.எஃப். பிடித்திருக்க மாட்டார்கள். சீட்டு எதுவும் இல்லாமலே, இந்த ஆள் ரெண்டரை மாதம் எங்கேயோ இருந்தான் என்று அந்தப் பாஸ்புக் சொல்லிவிடும். காரணத்தை நீங்கள் சொல்லாவிட்டால் நாங்களாக ஒன்றைக் கற்பனை பண்ணுவோம். வேறு கம்பெனிக்குப் போய்விட்டு ஒத்துவராமல் திரும்பினான், அடிதடி கேஸ், குடி, இப்படித்தான் புத்தி போகும். டி.பி. அதையெல்லாம் விட எவ்வளவோ மேல்.

எக்ஸ்ரேயையும் மறந்துவிடாதீங்க. தொழிற்சாலை மெடிக்கல் என்றால் நெஞ்சு எக்ஸ்ரே அநேகமாக உண்டு. குணமான டி.பி. நுரையீரலில் தழும்பு விட்டுப் போயிருக்கலாம், அது படத்தில் விழும். 14ஆவது கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டு, படத்தில் தழும்போடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்க.

படிவத்தின் கடைசிப் பக்கத்தையும் படிங்க. ‘மேலே தந்த தகவல் பொய் என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம்’ என்று ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழேதான் கையெழுத்து. ரெண்டு வருடம் கழித்து மேனேஜருக்கு உங்களைப் பிடிக்காமல் போனால் அந்த வரியைத்தான் எடுப்பார்கள். அன்றைக்கு உங்கள் நோயைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், பொய்யைப் பற்றித்தான் பேச்சு.

எக்ஸ்பிரஸ் தம்பி சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. டி.பி. என்ற பேருக்காகவே ‘இந்த ஆள் வேண்டாம்’ என்று சொன்ன மேலாளரை நானே பார்த்திருக்கிறேன். தப்புதான், ஆனால் நடக்கிறது. அதனால் எதை எழுதுகிறோம் என்பதைவிட எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ரெண்டு கோட்டில் முடித்துவிடுங்க: ‘2023 மே முதல் ஆகஸ்ட் வரை 74 நாள், காசநோய். சிகிச்சை நவம்பரில் முழுமையாக முடிந்தது, அதன்பின் உடல்நல விடுப்பு இல்லை, சான்று இணைத்துள்ளேன்.’ எட்டு கிலோ, டானிக், அம்மா எல்லாம் வேண்டாம். மருத்துவப் பகுதியைக் கம்பெனி டாக்டருக்கு மட்டும் மூடின கவரில் தரலாமா என்றும் கேட்டுப் பாருங்க. சில இடத்தில் சரி என்பார்கள்.

ஒரு ரகசியம். எங்களைப் பயமுறுத்துவது 74 நாள் இல்லை. பேரும், தொடக்கமும், முடிவும் உள்ள லீவு அது. மாதத்துக்கு ரெண்டு திங்கள்கிழமை தலைவலி வருகிற ஆளைத்தான் எங்களுக்குப் பயம்.

சிந்துபூந்துறை பையன்
ஆகஸ்ட் 5, காலை 6:15

ரொம்ப நன்றி அண்ணாச்சி. லெட்டரைக் கொடுக்கவில்லை, பையிலேயே இருக்கு. ஆனால் சான்று இணைக்கச் சொல்கிறீர்கள். சான்றுதான் ஆற்றோடு போச்சே.

மாத்திரைக்காரி
ஆகஸ்ட் 5, காலை 8:30

நான் காசநோய்ப் பிரிவில் வேலை பார்க்கிறவள். எந்த ஊர் என்று கேட்காதீங்க.

உங்க சீட்டுதான் போச்சு தம்பி, பதிவு போகவில்லை. சிகிச்சை தொடங்கின அன்றைக்கே உங்கள் பேர் நிக்ஷய் என்ற அரசு டி.பி. பதிவுக் கணினியில் ஏறியிருக்கும். மாதம் 500 ரூபாய் சத்துணவுப் பணம் உங்கள் பேங்க் கணக்கில் விழுந்ததே, அது அந்தப் பதிவை வைத்துத்தான். மருந்து வாங்கின இடத்துக்கு ஆதாரோடு போங்க. என்றைக்குத் தொடங்கியது, என்றைக்கு முடிந்தது, கடைசிப் பரிசோதனை முடிவு என்ன என்று எல்லாம் எடுக்கலாம். பாஸ்புக்கில் அந்த 500 ரூபாய் வரவு வந்த பக்கத்தையும் கொண்டுபோனால் தேடுவது சுலபம்.

சான்று வாங்கும்போது வாசகத்தைக் கவனிங்க. அவசரத்தில் ‘டி.பி.க்கு சிகிச்சை பெற்றவர்’ என்று மட்டும் எழுதி சீல் அடித்துவிடுவார்கள். அதை ஓசூரில் படிக்கிறவருக்கு ஆள் இன்னும் நோயாளியா இல்லையா என்றே தெரியாது. ‘சிகிச்சையை முழுமையாக முடித்தார், சளியில் கிருமி இல்லை, பணிக்குத் தகுதியானவர்’ என்று மூன்றும் இருக்கணும். வரிசையில் பின்னால் ஆள் நின்றாலும் படித்துப் பார்த்துவிட்டு நகருங்க.

தனித் தட்டு, தனி டம்ளர் பற்றி எக்ஸ்பிரஸ் எழுதியிருந்தார். டி.பி. தட்டில் பரவுவது இல்லை, இருமும்போது காற்றில் பரவுவது. மருந்துக்குக் கட்டுப்படுகிற டி.பி. என்றால் நோயாளி, மாத்திரை தொடங்கி ரெண்டு மூணு வாரத்தில் பெரும்பாலும் அடுத்தவருக்குப் பரப்ப மாட்டார். முதல் ரெண்டு மாதம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாதம் மூணு மருந்து. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அதைப் பார்த்துப் பயந்து பாதியில் நிறுத்துகிற ஆட்களைத் துரத்திப் பிடிப்பதே எங்கள் வேலையில் பாதி. நீங்கள் ஆறு மாதமும் முடித்திருக்கிறீர்கள். அதைத் தலை குனிந்து சொல்ல வேண்டியதில்லை.

பாளை டு லீட்ஸ்
ஆகஸ்ட் 5, மாலை 4:20

நான் நர்ஸ், இங்கிலாந்தில் இருக்கிறேன். இங்கே கதை வேறு மாதிரி, சும்மா தெரிந்துகொள்ள எழுதுகிறேன்.

2010ல் வந்த சமத்துவச் சட்டத்தில் 60ஆவது பிரிவு என்று ஒன்று. ஆஃபர் கொடுப்பதற்கு முன்னால் உடல்நலத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது. போன வருடம் எத்தனை நாள் நோய் லீவு என்பதும் அதில் அடக்கம். வேலைக்கு அடிப்படையாகத் தேவைப்படுகிற விஷயம் மாதிரி சில விலக்கு மட்டும் உண்டு. என்னை இன்டர்வியூவில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிபந்தனை ஆஃபர் வந்த பிறகுதான் உடல்நலப் படிவம், பழைய வார்டுக்கு ரெஃபரன்ஸ் கடிதம் எல்லாம். அந்தக் கடிதத்தில், கடந்த ரெண்டு வருடத்தில் எத்தனை நாள், எத்தனை தடவை என்று ரெண்டு கட்டம் இருந்தது.

‘எத்தனை தடவை’ என்பதில்தான் வினை. பிராட்ஃபோர்ட் கணக்கு என்று ஒன்று பல இடத்தில் வைத்திருக்கிறார்கள். தடவையைத் தடவையால் பெருக்கி, அதை மொத்த நாளால் பெருக்கணும். நான் முதுகுவலியில் ஒரே தடவையாக 22 நாள் படுத்திருந்தேன். ஒன்று பெருக்கல் ஒன்று பெருக்கல் 22, ஆக 22. கூட இருந்த பிள்ளை ஒவ்வொரு நாளாக ஆறு தடவை, மொத்தமே ஆறு நாள். அவளுக்கு 216. அவளைத்தான் கூப்பிட்டுப் பேசினார்கள். எச்.ஆர். அண்ணாச்சி சொன்ன திங்கள்கிழமை தலைவலிக்கு இங்கே கணக்கே போட்டு வைத்திருக்கிறார்கள்.

அதற்காக இங்கே ஆஃபரைத் திரும்ப வாங்குவதே இல்லை என்று நினைக்க வேண்டாம். ரெஃபரன்ஸ் பார்த்துவிட்டு வாங்குகிறார்கள். ஆனால் அந்த லீவு நாள்பட்ட குறைபாட்டால் வந்ததாக இருந்தால், தக்க நியாயம் காட்டாமல் வாங்க முடியாது, வழக்கு வரும்.

டி.பி. மறைப்பது பற்றி ஒன்று: இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் இங்கே தங்க வருகிறவர்கள், டி.பி. இல்லை என்று சான்று காட்டினால்தான் விசா. அந்த எக்ஸ்ரே வரிசையில் நானும் நின்றவள்தான்.

விக்கிரமசிங்கபுரம் பழைய ஆள்
ஆகஸ்ட் 5, இரவு 9:10

லீட்ஸ் சட்டம் நல்ல சட்டம்தான் தாயி, ஆனால் அது தாமிரபரணிக்கரை வரை வராது. இங்கே தனியார் கம்பெனி ஆஃபருக்கு முன்னால் உன் உடம்பைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று பொதுவான தடை கிடையாது. ஒன்றே ஒன்றில் உண்டு: வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம் என்று யாரும் சொல்லக் கூடாது, 2017ஆம் வருடச் சட்டம்.

முப்பத்தொரு வருடம் மில், அதில் பாதி யூனியன் வேலை. தம்பிக்குச் சில விஷயம் சொல்கிறேன்.

இ.எஸ்.ஐ. சட்டம் 73ஆம் பிரிவு: நோய்ப் பணம் வாங்கிக்கொண்டிருக்கிற காலத்தில் உன்னை நீக்கவோ தண்டிக்கவோ முதலாளிக்கு உரிமை இல்லை. அதனால் பழைய கம்பெனி அந்த 74 நாளை ‘சொல்லாமல் வராமல் இருந்தான்’ என்று கணக்கில் எழுதியிருந்தால் இப்போதே போய் மாற்றச் சொல்லு. இ.எஸ்.ஐ. டாக்டர் தந்த முதல் சான்று, கடைசிச் சான்று ரெண்டின் நகலும் அவர்கள் ஃபைலில் இருக்கும். வெளியே வந்த பிறகு கேட்டால் செக்யூரிட்டி கேட்டைத் தாண்ட விடமாட்டான்.

தொழில் தகராறு சட்டத்தில் ஒரு கொக்கி இருக்கு, பல பேருக்குத் தெரியாது. தொடர்ந்த உடல்நலக் குறைவு என்று காரணம் காட்டி நீக்கினால் அதற்கு ஆட்குறைப்பு என்று பேர் இல்லை, ஆட்குறைப்புக்கு உண்டான இழப்பீடும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், உன் காகிதத்தில் ‘முடிந்தது’ என்ற சொல் இருக்கணும்.

இன்னொன்று. 26,000 என்றால் இ.எஸ்.ஐ. கிடையாது, 21,000தான் உச்சவரம்பு. இங்கே இருந்தவரை வருடத்துக்கு 91 நாள் நோய்ப் பணம் உண்டு. டி.பி. மாதிரி நீண்ட நோய்க்கு, ரெண்டு வருட சர்வீஸ் இருந்தால், அதற்கு மேலும் 80 சதவீதம் என்று ரெண்டு வருடம் வரை இழுக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் 7,000 ரூபாய் கூட வாங்கப் போகிறாய். போ, வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ், முன்னால் வந்த நோய்க்கும் பணம் கொடுக்குமா என்று கேட்டுவிட்டுப் போ.

தென்காசி சாரல்
ஆகஸ்ட் 6, காலை 7:40

எல்லாரும் உண்மை உண்மை என்கிறீர்கள். நான் சொன்னேன், போச்சு. முதுகுத் தண்டில் ஆபரேஷன், 60 நாள் லீவு. இன்டர்வியூ எல்லாம் முடிந்து, “வேறு ஏதாவது சொல்லணுமா” என்று போனில் கேட்டார்கள். நானாகவே சொன்னேன். “லெட்டர் நாளைக்கு வரும்” என்றார்கள். அந்த நாளை இன்னும் வரவில்லை.

நாற்காலிக்கு அந்தப் பக்கம்
ஆகஸ்ட் 6, காலை 10:15

சாரல், கேட்கவே கஷ்டமாக இருக்கு. ஆனால் நீங்கள் சொன்னது தப்பு இல்லை, சொன்ன நேரம்தான் தப்பு. லெட்டர் கையில் இல்லாதபோது சொன்னதால் அவர்கள் எதையும் திரும்ப வாங்கவே வேண்டியிருக்கவில்லை, சும்மா இருந்தாலே போதும். லெட்டர் வந்த பிறகு என்றால் ரத்து செய்ய ஒரு காரணத்தை எழுத்தில் தர வேண்டிவரும், அதற்கு எங்கள் ஆட்களுக்குக் கை கூசும். கேட்காததைச் சொல்ல வேண்டாம், கேட்டதற்குப் பொய் சொல்ல வேண்டாம். இந்த ரெண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருக்கு.

கொக்கிரகுளம் அக்கா
ஆகஸ்ட் 6, மதியம் 2:30

அந்த நடு இடம் பெண்களுக்கு எப்படி என்று நானும் சொல்கிறேன்.

2021ல் எனக்குக் கரு கலைந்தது. நாலாவது மாதம். 38 நாள் வேலைக்குப் போகவில்லை. அன்றைய ஆபீஸில் அதை நோய் லீவு என்று எடுத்து, இருந்த 12 நாளைக் கழித்து, மிச்சத்தை எல்.ஓ.பி., அதாவது சம்பளம் இல்லாத லீவு, என்று போட்டார்கள். அழுதுகொண்டு கிடந்தவள் பே ஸ்லிப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ரெண்டு வருடம் கழித்து வேறு வேலைக்குப் போகும்போது வீடியோ காலில் ஒரு சின்னப் பையன், “மேடம், இந்த மாதத்தில் எல்.ஓ.பி. 26 நாள் இருக்கே, என்ன உடம்புக்கு?” என்றான். பக்கத்து அறையில் மாமியார் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. “மருத்துவ விடுப்பு, முடிந்துவிட்டது, இப்போது எந்தச் சிகிச்சையும் இல்லை” என்று மட்டும் சொன்னேன். அவன் ‘ஓகே மேடம்’ என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டான். அவனுக்கு அவ்வளவுதான் தேவைப்பட்டது.

பிறகுதான் தெரிந்தது, அது நோய்க் கணக்கிலேயே வரக் கூடாது என்று. 1961ஆம் வருட மகப்பேறு பலன் சட்டம், 9ஆம் பிரிவு: கரு கலைந்தால் சான்று காட்டி ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. முந்தின பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். இ.எஸ்.ஐ.யில் இருக்கிற பெண்ணுக்கு அங்கேயும் அதே ஆறு வாரம். எனக்கு அந்தச் சம்பளமும் வரவில்லை, நோயாளி என்ற பேரும் ஒட்டிக்கொண்டது. இதைப் படிக்கிற பெண் பிள்ளைகள் யாருக்காவது அப்படி நேர்ந்தால், அந்த மாதமே லீவு எந்தப் பேரில் ஏறியிருக்கிறது என்று பாருங்க. வேலையை விட்ட பிறகு அந்த ஒரு சொல்லை மாற்ற முடியாது.

பேட்டை ரோடு
ஆகஸ்ட் 6, இரவு 8:00

லீவு, எல்.ஓ.பி. என்று படிக்கப் படிக்க எங்க அம்மா ஞாபகம். நாற்பது வருடம் பீடி சுற்றினாள். காய்ச்சல் வந்தால் தட்டு சும்மா கிடக்கும், அன்றைக்குக் கூலி இல்லை. எத்தனை நாள் நோயில் படுத்தாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்கிற அளவுக்கு ஒரு வேலை தம்பிக்குக் கிடைத்திருக்கு, நல்லா இருக்கட்டும்.

சிந்துபூந்துறை பையன்
ஆகஸ்ட் 28, இரவு 9:30

தாமதத்துக்கு மன்னிக்கணும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாத்திரைக்காரி அக்கா சொன்ன மாதிரி ஆதாரும் பாஸ்புக்கும் கொண்டுபோனேன். 500 ரூபாய் வரவைக் காட்டியதும் பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். முதலில் எழுதித் தந்ததில் ‘பணிக்குத் தகுதியானவர்’ இல்லை. திரும்பப் போய்க் கேட்டேன், கொஞ்சம் முறைத்துவிட்டு எழுதினார்கள். பழைய கம்பெனி ஃபைலில் இ.எஸ்.ஐ. சான்று ரெண்டும் பத்திரமாக இருந்தது, நகல் வாங்கிக்கொண்டேன்.

20ஆம் தேதி ஓசூரில் மெடிக்கல். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். வலது பக்கம் மேலே, ஒரு சின்ன வெள்ளைக் கீறலில் பேனா முனையை வைத்து, “இது என்ன?” என்றார். 14ஆவது கேள்வியைப் பாருங்க சார் என்றேன். பார்த்தார். சான்றைப் படித்தார். “நல்லவேளை எழுதினாய், இல்லை என்றால் நான் வேற மாதிரி எழுதியிருப்பேன்” என்றார். ஆனாலும் சளி ஒரு தடவை திரும்ப எடுக்கச் சொன்னார். முடிவு வருகிற வரை ‘நிலுவை’ என்று போட்டார்கள். அந்த ஆறு நாள் இருந்தது எப்படி என்று எனக்குத்தான் தெரியும். எச்.ஆர். மேடம் போனில், “இது தேவைதானா என்று எங்க சார் யோசிக்கிறார்” என்றுகூட ஒரு தடவை சொன்னார். நான் ஒன்றும் பேசவில்லை.

நேற்று மெயில் வந்தது. ஃபிட். சேர வேண்டிய தேதி அக்டோபர் 1. இன்றைக்குக் காலையில்தான் பையிலிருந்த ரிசைன் லெட்டரை எடுத்துத் தேதியை மாற்றிக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் பற்றி பழைய ஆள் ஐயா சொன்னதைக் கேட்டேன், சேர்ந்த பிறகு சொல்கிறோம் என்கிறார்கள். விடப் போவதில்லை.

ஓசூரில் ரூம் பார்த்துத் தர யாராவது இருக்கிறீர்களா?

நெல்லை எக்ஸ்பிரஸ்
ஆகஸ்ட் 28, இரவு 10:05

வாழ்த்துகள் நண்பா. ரூமுக்கு எனக்குத் தெரிந்த ஒருத்தர் இருக்கிறார், நம்பர் அனுப்புகிறேன்.

எச்.ஆர். அண்ணாச்சி, உங்களிடம் ஒன்று. இப்போது இருக்கிற கம்பெனியில் சேரும்போது நானும் ஒரு ‘இல்லை’ போட்டிருக்கிறேன். மஞ்சள் காமாலை, 40 நாள். நீங்க சொன்ன அந்தக் கடைசிப் பக்கத்து வரியை இன்றைக்குத்தான் எடுத்துப் படித்தேன். என் படிவத்திலும் இருக்கு.

நாற்காலிக்கு அந்தப் பக்கம்
ஆகஸ்ட் 28, இரவு 10:20

தனியாக மெசேஜ் போடுங்க. நாளைக்குக் காலையில் பேசுவோம்.